ஒரே கூற்றில் மூன்று கேள்விகள்

ரெமியை எழுப்பும் நாளில் அவனுடைய அம்மா மரியபுஷ்பம் கறுப்புச் சேலையை மாற்றிவிட்டு, போன கிறிஸ்துமஸுக்கு அவன் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையில் வந்திருந்தாள்.

"எம் மவன் கண்ணு முழிக்கையில நான் துக்கச் சேலையிலயா நிக்கணும்?"

கண் திறக்காது, காதும் குரலும் மட்டும்தான் இருக்கும் என்று மருமகள் ஜெசிந்தா பலமுறை சொல்லியிருந்தாள். மாமி அதைக் காதில் வாங்கவில்லை.

தூத்துக்குடி விழிப்பகத்தின் உள்ளறையில், கண்ணாடிக் கூண்டுக்குள் விழிப்பி என்னும் இயந்திரம் நின்றது. அதன் நடுவில் அப்பளம் அளவுக்கு ஒரு மெல்லிய தகடு. அதுதான் மனத்தட்டு. கடலில் வேலை செய்கிறவர்கள் நெற்றியில் பதிவுப்பட்டை கட்டியே தீர வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, கடலில் செத்தவன் யாரும் முழுதாகச் சாவதில்லை. மூளை அணைகிற நேரத்தில் அதன் கடைசிக் கோலத்தைப் பட்டை பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத் தட்டில் ஏற்றி ஒரே ஒரு முறை எழுப்பலாம். சில மூச்சு நேரம்தான். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தட்டு வெளுத்துப்போகும்.

அந்தச் சில மூச்சுக்குள் ஒரு குடும்பமே பேசியாக வேண்டும். அதற்காக எல்லோருடைய கேள்விகளையும் முன்கூட்டியே பதிவு செய்து, ஒன்றாகக் கோத்து, ஒரே வீச்சில் உள்ளே அனுப்புவார்கள். அந்தக் கோவைக்குப் பெயர் கூற்று. கூற்றில் வீட்டுக்கு மூத்தவரின் கேள்வி இடது ஓரத்தில் இருக்கும். பிறகு மற்றவர்கள். பெண்டாட்டி கடைசி. பந்தியில் இலை போடுவது மாதிரி ஊர் தானாக உண்டாக்கிக்கொண்ட வழக்கம் அது. பதில்களும் அதே வரிசையில் ஒலிக்கும்.

ரெமியின் தட்டு மூன்று கேள்வி தாங்கும் என்று அளந்து சொல்லியிருந்தார்கள். முதல் கேள்வி அம்மாவுக்கு. நடுக் கேள்வி அவன் நண்பன் மிக்கேலுக்கு. கடைசி ஜெசிந்தாவுக்கு.

மிக்கேல் சுவரோரமாக நின்றான். மரியபுஷ்பம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. சின்ன வயதில் அவள் வீட்டுச் சோற்றில் பாதி தின்று வளர்ந்தவன் அவன்.

நடந்தது இதுதான். துறைமுகத்துக்கு வெளியே அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் மிதவைகள் இருக்கின்றன. காற்று கிளம்பிய ஒரு நாளில், பழுதான மிதவை ஒன்றைச் சரி செய்ய மிக்கேலுக்கு அழைப்பு வந்தது. அன்று ரெமிக்கு விடுமுறை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று மிக்கேல் கூப்பிட்டதும் ரெமியும் கிளம்பிவிட்டான். இருவர் இடுப்பையும் ஒரே உயிர்க்கயிறு இணைத்திருந்தது. ஓர் அலை அடித்தது. மேலே மிக்கேல் ஏணியில் ஒரு கையால் தொங்க, கீழே ரெமி கயிற்றில் தொங்கினான். ஏணியின் கொக்கி இரண்டு பேர் கனம் தாங்காமல் கழன்றுகொண்டிருந்தது. மீட்புப் படகு போய்ச் சேர்ந்தபோது மிக்கேல் மட்டும் தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் ஏணியில் சிக்கிக் கிடந்தான். இடுப்பிலிருந்து தொங்கிய கயிறு பாதியில் முடிந்திருந்தது. இற்றுப்போன கயிறு இல்லை. கத்தியால் அறுத்தது.

இருவரிடமும் கத்தி இருந்தது. இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. ரெமியின் உடல் மட்டும் நெற்றிப் பட்டையோடு கரை ஒதுங்கியது.

ரெமியே அறுத்திருந்தால், நண்பனைக் காப்பாற்றத் தன்னை விட்டுக்கொடுத்தவன். மிக்கேல் அறுத்திருந்தால் அது கொலை. மிக்கேலுக்கோ அலை அடித்ததற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை. விசாரணைக் குழு முடிவை விழிப்பிக்கு விட்டது. குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது சட்டம். அதனால்தான் அவன் அந்த அறைக்குள் இருந்தான்.

"அவன் அறுத்திருந்தா எம் மவன் சொல்லட்டும். அறுக்கலன்னா அதயும் அவனே சொல்லட்டும்" என்று மட்டும் மரியபுஷ்பம் குழுவிடம் சொல்லியிருந்தாள்.

கேள்விகள் ஒவ்வொன்றாகப் பதிவாயின. அம்மா பதிவுக் குழாயில் வாயை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். "மக்கா, அம்மா பேசுதேன். கயித்த அறுத்தது யாருய்யா?"

மிக்கேலால் முதல் இரண்டு முறை பேச முடியவில்லை. மூன்றாம் முறை வந்தது. "ஏல ரெமி, மிக்கேலு. நான் பொழச்சிட்டேம்ல. எனக்கு ஒண்ணும் ஞாவகமில்ல. கையில கத்தி இருந்தது மட்டும் வருது. நான் ஒன்னய ஏதும் பண்ணிட்டனா?"

ஜெசிந்தா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தன் கேள்வியைப் பதிவு செய்தாள்.

விழிப்பியை இயக்கும் வரதன் கூற்றைக் கோத்துவிட்டு அவளைப் பார்த்தான். "மேடம், நடுவுல நிறுத்தம் போடணுமா?"

அவளிடம் அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஜெசிந்தா இறந்தவன் மனைவி மட்டுமல்ல. விழிப்பியை வடிவமைத்தவர்களில் ஒருத்தி.

விழிப்பியின் அடியாழத்தில் ஓடுவது போன நூற்றாண்டில் பிறந்த ‘சி’ என்னும் கணினி மொழி. அந்த மொழிக்கு ஒரு விசித்திரமான குணம். ஒரே கோவைக்குள் இரண்டு வேலை கொடுத்தால், எதை முதலில் செய்வேன் என்று அது வாக்குக் கொடுக்காது. தனக்கு எது வசதியோ அதை முதலில் செய்யும். இரண்டு வேலைக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு வேலை பெட்டியைத் திறந்து பார்க்கிறது, இன்னொரு வேலை அதே பெட்டிக்குள் இருப்பதை மாற்றுகிறது என்றால்? பார்த்தது மாற்றுவதற்கு முன்பா, பின்பா? மொழி பதில் சொல்லாது. அப்படி எழுதாதே என்றுதான் கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள். வரிசை வேண்டுமென்றால் நடுவில் ஒரு நிறுத்தம் போட வேண்டும். முன்னது முழுதாக முடிந்த பிறகுதான் இயந்திரம் நிறுத்தத்தைத் தாண்டும்.

விழிப்பியிலும் நிறுத்தம் போடலாம். ஆனால் நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்திலும் மனம் வெளுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நிறுத்தம் ஒரு கேள்வியைத் தின்றுவிடும்.

வடிவமைக்கும்போது இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. ஒவ்வொரு கேள்வியும் கேட்கிறவரின் செய்தியை உள்ளே கொண்டுபோகிறதே, அது மனத்தை மாற்றாதா என்று ஒருவர் கேட்டார். ஜெசிந்தாதான் எழுந்து பேசினாள். எல்லாமே ஒரே மனிதரிடம் போகிற கேள்விகள், எது முதலில் போனால் என்ன, பேச முடியாமல் திரும்பிப் போகிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்றாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு கூற்றுக்குள் வரிசை வரையறுக்கப்படவில்லை என்ற விதியை எழுதியவள் அவள். உள்ளே எது முந்தினாலும் பதில்கள் மட்டும் கோத்த வரிசையிலேயே ஒலிக்கும். எந்தக் கேள்வி முதலில் போனது என்று குறித்துவைப்பதும் மனத்தின் ஒளியைக் குடிக்கும் என்பதால் அதையும் நீக்கச் சொன்னவள் அவளே.

இப்போது வரதன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவின் கேள்விக்கும் மிக்கேலின் கேள்விக்கும் நடுவில் ஒரு நிறுத்தம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. போட்டால் மூன்றாவது கேள்வி போகாது.

மிதவைக்குப் போன அன்று காலை அவள் ரெமியோடு சண்டை போட்டிருந்தாள். விடுமுறை நாளில், அதுவும் காற்று வீசும்போது எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். "அவன் கூப்பிட்டா பாதாளத்துக்கும் போவீய" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். போயிட்டு வாரேன் என்ற குரல் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"வேண்டாம். அப்படியே அனுப்புங்க" என்றாள்.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். விளக்கு மங்கியது. தட்டு விடிகாலைக் கடல் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒளிர்ந்தது. உடனே ரெமியின் குரல் வந்தது. தூக்கத்திலிருந்து எழுந்தவன் குரல்.

"நாந்தாம்மா அறுத்தேன்."

மரியபுஷ்பம் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொழச்சிட்டியால? அது போதும். நீ ஒண்ணும் பண்ணல. போயி தொழிலப் பாரு."

சுவரோரம் நின்ற மிக்கேல் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

சிறிய இடைவெளி. ஜெசிந்தா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது இவ்வளவுதான். அன்னிக்கு நான் வெளிய வரல, கோவத்துலயா போனீய?

"நீ வந்தியே ஜெசி. சன்னல்ல நின்னு கையாட்டுனியே."

தட்டு வெளுத்தது.

விசாரணைக் குழு அன்றே எழுதி முடித்துவிட்டது. தாயின் கேள்வி முதலில் இருந்தது. நண்பன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத நிலையில் சொன்ன பதில். அதனால் அதில் பரிவுக்கோ பொய்க்கோ இடமில்லை. மிக்கேல் குற்றமற்றவன். மரியபுஷ்பம் எழுந்து சுவரோரம் போனாள். அவன் தலையில் கை வைத்து, "சோறு திங்க வாடா வீட்டுக்கு" என்றாள். அவனுடைய அழுகை வெளித் தாழ்வாரம் வரை கேட்டது.

ஜெசிந்தா அவர்களுக்கு விதியை நினைவூட்டவில்லை. குழுவில் இருந்தவர்களுக்கு விதி தெரியாமல் இல்லை. கேள்வி உள்ளே போன வரிசையை யாரும் பார்க்கவில்லை, பதில் ஒலித்த வரிசையைத்தான் கேட்டார்கள். கேட்டதை நம்பினார்கள்.

மறுநாள் வேலைக்குப் போனவள் வெறும் விழிப்பியில் ஒரு சோதனைத் தட்டைப் போட்டாள். அதில் மனம் எதுவும் இல்லை. ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஐந்து என்ற எண். இரண்டு வேலை கொண்ட ஒரு கூற்றை எழுதினாள். இடப்பக்கம், பெட்டியில் என்ன இருக்கிறது பார். வலப்பக்கம், பெட்டியில் ஒன்று கூட்டு. அனுப்பினாள். ஐந்து என்று வந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. மறுபடி அனுப்பினாள். ஐந்து. மதியம் வெயில் ஏறி இயந்திரம் சூடானது. இன்னொரு முறை அனுப்பினாள்.

ஆறு.

இடப்பக்கம் இருந்த கேள்வி கடைசியாகப் போயிருக்கிறது. ஆனால் திரையில் பதில் முதலிலேயே நின்றது, எதுவும் நடக்காதது போல.

அம்மாவின் கேள்வி முதலில் போயிருந்தால் ரெமி சொன்னது உண்மை. மிக்கேலின் கேள்வி முந்தியிருந்தால்? நண்பன் பிழைத்திருக்கிறான், ஞாபகமில்லாமல் தவிக்கிறான் என்பது அம்மா கேட்பதற்கு முன்பே ரெமிக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு அவன் என்ன சொல்லியிருப்பான் என்று ஜெசிந்தாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்கடல் முக்குளிப்புத் தேர்வில் மிக்கேல் தோற்றபோது, நானும் தோத்துட்டேம்ல என்று சொல்லி, தான் பாஸான சான்றிதழை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, அடுத்த தேர்வில் அவனோடு சேர்ந்து திரும்ப எழுதியவன் ரெமி. வண்டு விழுந்த டிரம்மைக் கவிழ்த்தபோதுதான் அவளுக்கே அது தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான்.

அவளுக்கென்று கிடைத்த பதிலை அவள் தினமும் நினைத்துக்கொண்டாள். சன்னல்ல நின்னு கையாட்டுனியே. அந்த அறையின் சன்னல் தெருப்பக்கம் இல்லை. அன்று அது திறக்கவும் இல்லை. கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்ததோ அவ்வளவு பொய். எழுந்ததும் தான் செத்துவிட்டதைப் புரிந்துகொண்டு, இருக்கிற சில மூச்சில் மனைவிக்கு ஒரு பொய்யைச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவளுக்கு ஒரு பொய் சொன்னவன் மிக்கேலுக்கு ஒன்று சொல்லியிருக்க மாட்டானா?

அல்லது மூளை அணைகிற நேரத்தில் அவன் நிஜமாகவே அப்படி ஒரு சன்னலைப் பார்த்திருக்கலாம். அதையும் மறுக்க முடியாது. ஒரு நிறுத்தம் போட்டிருந்தால் மிக்கேலைப் பற்றியாவது தெரிந்திருக்கும். அந்த இடத்தில் அவள் தன் கேள்வியை வைத்தாள்.

மாமியிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மிக்கேல் வந்து சாப்பிட்டான். மாமி ரெமி சாப்பிடும் தட்டை எடுத்து அவனுக்கு வைத்தாள். "நல்லாத் தின்னு. ஒன்ன இருக்கவச்சிட்டுத்தான் அவன் போயிருக்கான்" என்பாள். பாறை மீனில் நடுத்துண்டு அவனுக்குத்தான். ஜெசிந்தா குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நாள் மதியம், மிக்கேல் அவளைத் தேடி விழிப்பகத்துக்கே வந்தான். கையில் ஒரு பை கொய்யாப்பழம். மாமி கொடுத்துவிட்டாளாம். சாப்பாட்டு நேரம், அறையில் வேறு யாரும் இல்லை.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். எப்படி இருக்கிறாய், வேலைக்குப் போகிறாயா என்று கேட்டாள். கரையில் கயிறு சுற்றும் வேலை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் கயிற்றை அளந்து வெட்ட வேண்டியிருக்கிறது, அதற்கு மட்டும் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். சிரிக்கிற மாதிரிதான் சொன்னான். வீட்டில் அவன் மாம்பழம் தின்ன வேண்டுமென்றால் பெண்டாட்டிதான் வெட்டிக் கொடுக்கிறாளாம்.

பிறகு நேராகக் கேட்டான்.

"டீக்கடையில வரதன் சொன்னாரு, மதினி. கூத்துக்குள்ள வரிசைன்னு ஒண்ணு கெடையாதாமே. எது முந்துதோ அதானாமே."

கூற்று என்ற சொல் அவன் வாயில் கூத்தாகியிருந்தது. ஜெசிந்தா திருத்தவில்லை.

இந்த நாள் வரும் என்று அவளுக்குத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்றும் முடிவு செய்து வைத்திருந்தாள். தெரியாது மிக்கேல், யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் வழியில்லை. நிறுத்தம் போடாதது என் தப்பு. இதைச் சொல்லிவிட வேண்டும். மாமியிடமும் சொல்ல வேண்டும். வரிசையைக் கட்டாயமாக்கும் புதிய விதியை எழுதி மேலே அனுப்பவும் செய்திருந்தாள். இனி எந்தக் குடும்பத்துக்கும் இப்படி நடக்கக் கூடாது. உண்மை என்னவோ அதைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தாள்.

மிக்கேல் தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை அவனுடையது இல்லை என்பது போல.

"எங்கிட்டப் பேசுனது முதல்லயா இருந்தா, அவன் எனக்காகத்தான் அம்மாட்ட அப்படிச் சொல்லியிருப்பான். அவன் புத்தி எனக்குத் தெரியும் மதினி. பரீச்சையில தோத்துட்டேன்னு ஒரு வருசம் நடிச்ச பய." தலையை நிமிர்த்தாமலே சொன்னான். அவனுக்கும் அது தெரிந்தே இருந்திருக்கிறது. "ராத்திரி முழிச்சா இந்தக் கை மட்டும் விறைச்சுப் போயி கெடக்கு. எம் மவளத் தூக்கப் பயமா இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு எது முதல்ல போச்சு?"

அவன் நிமிர்ந்தான். ஜெசிந்தா அந்த முகத்தைப் பார்த்தாள்.

"மாமி கேட்டதுதான் முதல்ல போச்சு" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான்.

"வரதன் சொல்லுதது பொதுவான விதி. ஆனா உள்ள எது முந்துச்சுன்னு ஒரு தடம் இருக்கும். அவருக்கு அதெல்லாம் தெரியாது. நான் எடுத்துப் பாத்துட்டேன். மாமி கேட்டது முதல்ல. ஒன் கேள்வி அதுக்குப் பொறவுதான். அவரு அம்மாட்டச் சொல்லையில நீ இருக்கியா செத்தியான்னே அவருக்குத் தெரியாது. அவருதான் அறுத்திருக்காரு. நீ இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

மிக்கேல் நீண்ட மூச்சு விட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். எழுந்து, கொய்யாப்பழப் பையை மேசை மேல் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தான். பழுத்தது கீழே இருக்கிறது, நசுங்கிவிடப் போகிறது என்றான். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. கதவு வரை போனவன் கைப்பிடியைத் தொட்டபடி நின்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. குழந்தையிடம் கேட்பது போல மெதுவாகத்தான் கேட்டான்.

"மதினி, அந்தத் தடத்த நான் வாரதுக்கு முன்னாலயே பாத்து வச்சிருந்தீயளா, இல்ல எம் மூஞ்சியப் பாத்த பொறவா?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். இனி அவள் எதைச் சொன்னாலும், அது இந்தக் கேள்விக்குப் பிறகு வந்த பதிலாகத்தான் இருக்கும்.